பத்து மடங்கு எங்கே கரைகிறது? அந்தரக் கலைஞரைத் தாங்கும் விசைக் கணக்கு

2014 மே 4 அன்று, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகர அரங்கில் ரிங்லிங் பிரதர்ஸ் சர்க்கஸ் நடந்துகொண்டிருந்தது. எட்டுப் பெண்கள் தங்கள் கூந்தலாலேயே ஒரு பெரிய சட்டகத்தில் தொங்கும் அங்கம் தொடங்கிய சற்று நேரத்தில், சட்டகம் மொத்தமாகக் கழன்று விழுந்தது. எட்டுப் பேரும் 15 அடிக்கு மேலான உயரத்திலிருந்து தரையில் விழுந்தார்கள். கீழே நின்றிருந்த இன்னொரு கலைஞரும் அடிபட்டார். கூந்தல் அறுந்துபோகவில்லை. சட்டகத்தை மேலே இணைத்திருந்த ஒரே ஒரு கேரபினர் உடைந்திருந்தது.

கேரபினர் என்பது மலையேறுபவர்கள் இடுப்பில் மாட்டியிருக்கும், வாய் திறந்து மூடும் உலோக வளையம். அது இரண்டு முனைகளில், நேர்க்கோட்டில் இழுபடுவதற்காகச் செய்யப்பட்டது. பிராவிடன்ஸில் அதன் மீது குறைந்தது மூன்று இடங்களில் சுமை உட்கார்ந்திருந்தது என்றும், தயாரிப்பாளர் சொன்ன முறையில் அது பயன்படுத்தப்படவில்லை என்றும் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா கண்டறிந்தது. அபராதம் 7,000 டாலர். அன்றைய சட்டப்படி அந்த வகைக் குற்றத்துக்கு உச்ச அளவே அவ்வளவுதான்.

அந்தர விளையாட்டுகளுக்குக் கயிறும் கொக்கியும் கட்டுபவர்களிடம் கேட்டால், "பத்து மடங்கு வைத்துக் கட்டியிருக்கிறோம்" என்பார்கள். கலைஞரின் எடையைப்போல் பத்து மடங்கு தாங்கும் பொருள்களால் கட்டியிருக்கிறோம் என்று பொருள். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் பத்தில் ஒன்பது எப்போதும் கையிருப்பில் கிடப்பதாக நினைப்பது தவறு. பெரும்பகுதி கலைஞர் ஏறிய முதல் நிமிடத்திலேயே செலவாகிவிடுகிறது. மிச்சம் இருப்பது, பிராவிடன்ஸ் போன்ற தவறுக்கு எதிராக அநேகமாக ஒன்றும் செய்வதில்லை.

எடையும் விசையும்

60 கிலோ எடையுள்ளவர் அசையாமல் தொங்கினால் மேலே வரும் விசை சுமார் 0.6 கிலோநியூட்டன். ரிகிங் எனப்படும் இந்தக் கட்டுவேலைக்கான பொருள்களில் பொறித்திருக்கும் எண்கள் பெரும்பாலும் கிலோநியூட்டனில் இருக்கும். 1 கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 102 கிலோ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அசையாமல் தொங்குவதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை என்பதால் 0.6 என்ற எண்ணுக்கு நடைமுறையில் மதிப்புக் குறைவு.

ஊசலாட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பார் விளையாட்டில் கலைஞர் ஒரு கோணத்திலிருந்து ஆடி வந்து அடிப்புள்ளியைக் கடக்கும்போதுதான் கயிற்றில் இழுவிசை உச்சம். அந்த உச்சம் எடையின் எத்தனை மடங்கு என்பதை ஒரு எளிய சூத்திரம் சொல்லும்: 3லிருந்து, தொடங்கிய கோணத்தின் கொசைனை இரண்டால் பெருக்கிக் கழிக்க வேண்டும். செங்குத்திலிருந்து 30 பாகையில் தொடங்கினால் 1.27 மடங்கு, 45 பாகையில் 1.59, 60 பாகையில் சரியாக 2, கயிறு கிடைமட்டமாக இருக்கும் 90 பாகையில் 3. இந்தச் சூத்திரத்தில் கயிற்றின் நீளமே வராது. 3 மீட்டர் கயிறானாலும் 10 மீட்டர் கயிறானாலும் கோணம் ஒன்றென்றால் மடங்கும் ஒன்றே. பறக்கும் பாரில் பிடிப்பவரும் பறப்பவரும் ஒரே பாரில் சேரும் கணத்தில் இரண்டு உடல்களின் எடையையும் இந்த மடங்கால் பெருக்க வேண்டும். உடலை மடக்கி நீட்டி வேகம் கூட்டும் அசைவுகள் இதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கும்.

ஊசலாட்டம் கணக்குக்கு அடங்கும் பிள்ளை. தொல்லை தருவது விழுந்து நிற்கும் அசைவுகள். ஏரியல் சில்க் எனப்படும் நீளத் துணியில் உடலைச் சுற்றிக்கொண்டு, சட்டென்று சுற்றவிட்டுக் கீழே வந்து நிற்பதுதான் அந்தக் கலையின் கைத்தட்டல் வாங்கும் பகுதி. இதற்கான கணக்கில் இரண்டே அளவுகள்: எவ்வளவு தூரம் தடையின்றி விழுந்தார், எவ்வளவு தூரத்துக்குள் நின்றார். விழுந்த தூரத்தை நின்ற தூரத்தால் வகுத்து 1 கூட்டினால், நிறுத்தும்போது வந்த சராசரி விசை எடையின் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். 60 கிலோ கலைஞர் 1.5 மீட்டர் விழுந்து, துணி இழுபட்டும் வழுக்கியும் 75 செ.மீ. தூரத்தில் அவரை நிறுத்தினால் சராசரி 3 மடங்கு. அதே விழுதல் 30 செ.மீ.க்குள் நின்றால் 6 மடங்கு, அதாவது 3.5 கிலோநியூட்டன். இது சராசரி மட்டுமே. நிறுத்துவது சுருள்வில் போல இழுபட இழுபட இறுகுகிற பொருளாக இருந்தால் உச்ச விசை இதன் இரண்டு மடங்காகும். துணிக்கும் உடலுக்கும் இடையிலான உராய்வு ஆற்றலில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால், உண்மையான உச்சம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழும். விசைமானி பொருத்தி அளந்தவர்களுக்கு சில்க் விழுதல்களில் பெரும்பாலும் எடையின் 3 முதல் 7 மடங்கு வரை கிடைக்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் வருகிறது. பயிற்சிக்கூடங்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. விழும் தூரம் மாறாவிட்டாலும் விசை மாறலாம். கலைஞருக்கு மேலே 8 மீட்டர் துணி இருந்தால் அது நன்றாக இழுபட்டு மென்மையாக நிறுத்தும். அதே அசைவை உச்சிக்கு அருகே, மேலே 1 மீட்டர் துணி மட்டும் இருக்கும்போது செய்தால் இழுபட ஒன்றும் இல்லை. அடி நேராக முதுகெலும்புக்கும் கொக்கிக்கும் போகும். அதிகம் இழுபடும் துணியிலிருந்து குறைவாக இழுபடும் துணிக்கு மாறினாலும் இதே கதை. துணி பழகியதுதான், அசைவு பழகியதுதான், ஆனால் மேலே இருக்கும் ஷேக்கிள் (குறுக்கே முளை போட்டு மூடும் வளைந்த எஃகு இணைப்பு) முன்பு கண்டிராத எண்ணைக் காண்கிறது.

எஃகு வடத்தில் நேராகத் தொங்கும் கலைஞருக்கு இந்த மென்மை கிடையவே கிடையாது. வடத்தைச் சுருட்டி விடும் வின்ச் மோட்டாரால் ஏற்றி இறக்கும் பறக்கும் காட்சிகளில் மோசமான தருணம் அவசர நிறுத்தம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்கிக்கொண்டிருப்பவரை 0.1 நொடியில் நிறுத்தினால் எடையின் 4 மடங்கு வரும். ஏறிக்கொண்டிருப்பவரை அப்படி நிறுத்தினால் நிலைமை இன்னும் கெட்டது. வடம் நின்றாலும் அவர் நிற்பதில்லை. அதே வேகத்தில் மேலே போய், சுமார் 46 செ.மீ. உயர்ந்து, தளர்ந்த வடத்தின் முனையில் திரும்பி விழுகிறார். அது 5 செ.மீ.க்குள் நிறுத்தினால் சராசரியே 10 மடங்கு. 70 கிலோ கலைஞருக்கு 7 கிலோநியூட்டன். உயரத்தில் வேலை செய்பவர்களுக்கான ஐரோப்பிய அதிர்ச்சி உறிஞ்சிகள், முழு உடல் கச்சை அணிந்தவருக்கே 6 கிலோநியூட்டனுக்கு மேல் வரவிடாதபடி வடிவமைக்கப்படுகின்றன. மேடைக் கலைஞர் அணிந்திருப்பது உடைக்குள் மறையும் மெல்லிய இடுப்புக் கச்சை. ஆகவே நல்ல வின்ச் அமைப்பில் நிறுத்தும் வேகச்சரிவு மின்னணு முறையிலேயே மட்டுப்படுத்தப்பட்டிருக்கும். "உடனே நிற்க வேண்டும்" என்று கேட்கும் இயக்குநருக்கு இதை விளக்கிச் சொல்வது ரிகரின், அதாவது கட்டுபவரின், வேலையில் ஒரு பகுதி.

கோணமும் கப்பியும்

இதுவரை கலைஞரிடம் பிறந்த விசை. அது மேலே போகும் வழியில் பெருகும்.

ஒரே கொக்கி கிடைக்காத இடத்தில் இரண்டு பீம்களிலிருந்து இரண்டு ஸ்லிங்குகளை (சுமை தாங்கும் பட்டை அல்லது வடத் துண்டுகளை) இறக்கி நடுவில் சேர்ப்பார்கள். இரண்டும் இணையாகத் தொங்கினால் ஆளுக்குப் பாதி. நடுவே உள்ள கோணம் 60 பாகை ஆனால் ஒவ்வொன்றுக்கும் 58 சதவீதம், 90 பாகையில் 71 சதவீதம், 120 பாகையில் முழுச் சுமையும் இரண்டிலும் தனித்தனியே. அதைத் தாண்டினால் எண்கள் தறிகெட்டு ஓடும்: 150 பாகையில் 193 சதவீதம், 170 பாகையில் 574 சதவீதம். கூரை தாழ்வாக இருக்கும் மண்டபங்களில் உயரம் மிச்சம் பிடிக்க ஸ்லிங்கைத் தட்டையாக இழுத்துக் கட்டும் ஆசை வருவது இயல்பு. 120 பாகைதான் கடைசி எல்லை. 90க்குள் வைத்துக்கொள்வது நல்லது. கயிற்றில் நடப்பவரின் கம்பி இதே கணக்கின் உச்ச வடிவம். 10 மீட்டர் இடைவெளியில் நடுவே 20 செ.மீ. மட்டும் தாழும் கம்பியில் 70 கிலோ ஆள் நின்றால், கம்பியின் இழுவிசை சுமார் 875 கிலோ. அவர் குதிக்கவே இல்லை, வெறுமனே நிற்கிறார்.

கப்பி இன்னொரு பெருக்கி. கலைஞரை ஏற்றி இறக்கக் கயிற்றை மேலே ஒரு கப்பியில் போட்டுக் கீழே தரையில் கட்டினால், கப்பியைத் தாங்கும் கொக்கிக்கு வருவது இரண்டு பக்கத்து இழுப்பும் சேர்ந்தது. கலைஞர் பக்கம் 3.5 கிலோநியூட்டன் வந்தால் கட்டிய பக்கமும் ஏறத்தாழ 3.5, கொக்கிக்கு 7. கயிறு கப்பியில் செங்கோணமாகத் திரும்பிச் சுவரை நோக்கிப் போனால் 1.41 மடங்கு. தரையில் கட்டியிருக்கும் பொருளும் அதே 3.5 கிலோநியூட்டனோடு மேல்நோக்கி இழுபடுகிறது என்பதை மறப்பவர்கள் அதிகம். 200 கிலோ மணல்மூட்டைகளை எடையாக வைத்து அதில் கயிற்றைக் கட்டியவர்கள் இந்த எண்ணை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது அந்தப் பத்து

70 கிலோ கலைஞர். பத்து மடங்கு என்று 700 கிலோ, அதாவது ஏறக்குறைய 7 கிலோநியூட்டனில் உடையும் பொருள்களால் ஒருவர் கட்டிவிட்டார் என்று கொள்வோம். கலைஞர் 5 மடங்கு விசை தரும் விழுதல் ஒன்றைச் செய்கிறார்: 3.5 கிலோநியூட்டன். மிச்சம் இரண்டு மடங்கு. அது ஒரு கப்பி வழியாகப் போகிறது: மேல் கொக்கியில் 7. மிச்சம் ஒன்றுமில்லை. பொருள் புதிது, யாரும் தவறு செய்யவில்லை, பத்து மடங்கு என்று சொன்னதும் பொய்யில்லை. பத்தால் எதைப் பெருக்கினோம் என்பதில்தான் பிழை.

அதனால் எண்ணைச் சொல்லும்போதே எந்தச் சுமையின் மடங்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேடைப் பறத்தல் அமைப்புகளுக்கான அமெரிக்கத் தரநிலையான ஆன்சி ஈ1.43, அசையாச் சுமை, வழக்கமான ஆட்டத்தில் வரும் சுமை, அவசர நிறுத்தம் போன்ற விதிவிலக்கான நேரத்தில் வரும் உச்சச் சுமை என்று பிரித்தே பார்க்கிறது. நடைமுறையில் பல ரிகர்கள் அளந்த உச்ச விசையை எடுத்து, அதன் மீது குறைந்தது 5 மடங்கு வைக்கிறார்கள். அளக்க வழியில்லாதபோது எதிர்பார்க்கும் இயங்குவிசையின் (அசைவால் வரும் விசையின்) மேல் 10 வைக்கிறார்கள். இரண்டில் முதலாவதே எங்களுக்கு நேர்மையானதாகத் தெரிகிறது. ஊகத்தின் மேல் பெரிய எண்ணைப் போட்டு மூடுவதைவிட, அளந்ததன் மேல் சிறிய எண் மேல்.

இதோடு முத்திரைக் குழப்பம் ஒன்றும் உண்டு. கேரபினரில் 25 கிலோநியூட்டன் என்று பொறித்திருந்தால் அது உடையும் எண். ஷேக்கிளில் 2 டன் என்று பொறித்திருந்தால் அது வேலைச் சுமை, அதாவது பயன்பாட்டில் ஏற்றலாம் என்று அனுமதித்த அளவு. உடையும் எண் அதற்கு வெகு மேலே. பெயர்பெற்ற அமெரிக்க ஷேக்கிள்களில் அரை அங்குல அளவுக்கு 2 டன் என்று இருக்கும், 6 மடங்கு வைத்திருப்பதால் உடைவது 12 டன் வாக்கில். பாலியஸ்டர் வட்ட ஸ்லிங்குக்கு ஐரோப்பியத் தரம் 7 மடங்கு, சங்கிலி ஸ்லிங்குக்கு 4 மடங்கு. ஒரே பெட்டியில் கிடக்கும் இந்த நான்கு பொருள்களையும் பொறித்த எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டால், கேரபினர்தான் பலசாலி என்று தோன்றும். உண்மையில் 25 கிலோநியூட்டன் கேரபினருக்குப் பத்து மடங்கு வைத்தால் வேலைச் சுமை 255 கிலோதான். 2 டன் ஷேக்கிள் அதே பத்து மடங்குக் கணக்கில் 1,200 கிலோவைத் தாங்கும்.

பொருளின் எண்ணும் அப்படியே கைக்கு வருவதில்லை. எட்டு வடிவ முடிச்சு போட்ட கயிறு தன் வலிமையில் நான்கில் ஒரு பங்கை முடிச்சிலேயே இழக்கும். மோசமான முடிச்சுகள் இன்னும் கூடுதலாக. ஸ்லிங்கைப் பீமில் சுருக்குப் போட்டு இறுக்கினால் எண்ணில் 20 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும். பீமுக்கு மேலே தொட்டில் போலப் போட்டு இரண்டு கண்களையும் (முனை வளையங்களையும்) கீழே சேர்த்தால் நேர் எண்ணின் இரண்டு மடங்கு கிடைக்கும். ஷேக்கிளைப் பக்கவாட்டில் 45 பாகையில் இழுத்தால் 70 சதவீதம், 90 பாகையில் பாதி. எஃகு வடத்தின் முனையில் கண் செய்ய யு-போல்ட் கிளிப் போட்டால் 80 சதவீதம்தான் தேறும். அதுவும் ஒழுங்காகப் போட்டால்: கிளிப்பின் இருக்கை சுமை தாங்கும் பக்கத்திலும், வளைந்த போல்ட் வெட்டுமுனைப் பக்கத்திலும் இருக்க வேண்டும், கால் அங்குல வடத்துக்குக் குறைந்தது 2 கிளிப், 15 அடி-பவுண்டு இறுக்கம், சுமை ஏற்றியபின் மறுபடி இறுக்கம். போல்ட்டைத் தவறான பக்கம் போட்டால் அது சுமை தாங்கும் இழைகளையே நசுக்கிவிடும். மனிதரைத் தொங்கவிடும் வடங்களுக்கு இந்தக் கிளிப்பே வேண்டாம், பட்டறையில் அழுத்தி முடித்துச் சோதித்த கண் போதும் என்பதே பெரும்பாலோர் நிலை. கிளிப்பில் நட்டு தளர்வது அதிர்வில் சாதாரணமாக நடக்கும்.

கேரபினரின் மூன்று பலவீனங்கள்

மலையேற்றக் கேரபினர்களுக்கான ஐரோப்பியத் தரத்தில் சாதாரண வகைக்கு நீளவாக்கில் 20 கிலோநியூட்டன் வேண்டும். குறுக்குவாக்கில் 7 போதும். வாய் திறந்திருக்கும்போதும் 7 போதும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. காரணம் அதன் உடலமைப்பு: முதுகுப் பக்கம் முழு உலோகக் கம்பி, வாய்ப் பக்கம் ஒரு சிறிய முளையும் கீலும். நேராக இழுக்கும்போது சுமையில் பெரும்பகுதி முதுகு வழியாகப் போகிறது. இரண்டு ஸ்லிங்குகள் விரிந்த கோணத்தில் ஒரே கேரபினரின் கீழ்ப்பகுதியை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், ஒன்று முதுகையும் மற்றொன்று வாயையும் பக்கவாட்டில் தள்ளும். வளையம் திறந்து விரிய முயலும், முளை பிடி விடும், அதன்பின் அது வாய் திறந்த கேரபினர். 20 என்ற எண்ணை நம்பிக் கட்டியவருக்கு 7ம் அதற்குக் கீழும் கிடைக்கும். பத்து மடங்கு வைத்திருந்தாலும் மூன்றில் ஒன்று ஆனபின் மிச்சம் மூன்றரை. அதை இயங்குவிசை விழுங்க ஒரு விழுதல் போதும்.

பல திசைகளில் இழுபடும் இணைப்புக்குச் சரியான பொருள் உண்டு: அகன்ற வில் வடிவ ஷேக்கிள், பற்றவைத்த முழு எஃகு வளையம், அல்லது பல துளைகள் கொண்ட ரிகிங் தகடு. தகட்டில் ஒவ்வொரு துளைக்கும் ஒரு இணைப்பு என்பதால் எந்தக் கேரபினரும் இரண்டு திசை இழுப்பை மட்டுமே காணும். விலையும் எடையும் பெரிதாகக் கூடிவிடாது.

மூன்றாவது பலவீனம் கண்ணுக்குத் தெரியாதது. சோதனைக்கூடத்தில் கேரபினரை உடைப்பது மெல்லிய உருளைக் கம்பிகளை முதுகை ஒட்டி வைத்து. நாம் அதில் போடுவதோ பல சுற்றுத் துணி அல்லது அகலமான பட்டை. அது வளையத்தின் அகலம் முழுவதையும் அடைத்து உட்கார்ந்து, சுமையின் மையத்தை வாய்ப் பக்கம் தள்ளுகிறது. சில்க் துணியை நேராகக் கேரபினரில் கட்டாமல், எட்டு வடிவ உலோகத் துண்டின் பெரிய வளையத்தில் சுருக்கிப் போடுவதற்கு உராய்வு மட்டுமல்ல, இதுவும் காரணம்.

அதிகம் சுழலும் இடங்களில் ஸ்விவல் (தானே சுழன்று கொடுக்கும் இணைப்பு) கட்டாயம். அது இல்லாவிட்டால் கேரபினர் மெல்லத் திரும்பி, குறுக்காகப் படுத்து, திருகுப் பூட்டு தானே அவிழும். மூன்று அசைவு செய்தால்தான் திறக்கிற பூட்டு வகையை இங்கே போடுவது வீணான கண்டிப்பு அல்ல.

மடங்குகள் உதவாத இடங்கள்

1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டி கெம்பர் அரங்கில், கூரையிலிருந்து இறங்கி வரவேண்டிய மல்யுத்த வீரர் ஓவன் ஹார்ட் சுமார் 78 அடியிலிருந்து விழுந்து இறந்தார். அவரைத் தாங்கியது பாய்மரப் படகுகளில் பாயைச் சட்டென்று விடுவிக்கச் செய்யப்பட்ட விடுவிப்புக் கொக்கி. அது எவ்வளவு சுமை தாங்கும் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அதைத் திறக்கச் சுமார் 6 பவுண்டு இழுப்பு போதும். மேடையில் இறங்கியதும் சட்டென்று கழன்றுகொள்ள வேண்டும் என்ற நாடகத் தேவைக்காக, தவறுதலாகத் திறக்கும் வழி ஒன்று அமைப்பிலேயே வைக்கப்பட்டிருந்தது.

2013 ஜூன் 29 அன்று லாஸ் வேகாஸில் சர்க் து சொலே சர்க்கஸ் நிறுவனத்தின் "கா" என்ற நிகழ்ச்சியில் கலைஞர் ஒருவர் 90 அடிக்கு மேலிருந்து விழுந்து இறந்ததும் இதே வகை. வேகமாக மேலேறியபோது எஃகு வடம் கப்பியின் பள்ளத்திலிருந்து வெளியேறி, ஒரு கூர் விளிம்பில் உராய்ந்து அறுந்தது. பள்ளத்துக்குள் இருக்கும்வரை அந்த வடம் போதுமான வலிமையுள்ளதுதான். கூர் விளிம்பில் உட்கார்ந்த எஃகு வடத்துக்கோ பட்டைக்கோ எந்த அட்டவணையிலும் எண் கிடையாது. இப்படிப்பட்ட அமைப்பில் பார்க்க வேண்டியவை வேறு: வடம் கப்பிக்குள் நுழையும் கோணம் நேராக இருக்கிறதா, வடம் தாவாமல் தடுக்கும் காவல் கம்பி பள்ளத்துக்கு வடத்தின் விட்டத்தைவிடக் குறைந்த இடைவெளியில் இருக்கிறதா, வடம் தளரும் தருணம் எது, தளர்ந்தால் வின்ச் தானே நிற்குமா.

ஒரு பொருள் போனால் எல்லாம் போகும் என்ற இடத்தில் இரண்டாவது பாதை வைப்பது வழக்கம். அதிலும் ஒரு நுணுக்கம். காப்பு ஸ்லிங்கை அரை மீட்டர் தொய்வோடு விட்டிருந்தால், முதல் பாதை அறுந்ததும் கலைஞரும் கருவியும் அந்த அரை மீட்டர் விழுந்து, இழுபடாத எஃகில் முட்டி நிற்பார்கள். மேலே போட்ட வின்ச் கணக்கேதான். சுமைக்குப் போதும் என்று போட்ட காப்பு இந்த அடியில் போய்விடும். இரண்டு பாதைகளும் ஒரே பீம் கொக்கியில் முடிந்தால் அது இரண்டு பாதையே அல்ல.

கடைசியில் கட்டடம்

கொக்கிக்கு மேலே கட்டடம் இருக்கிறது. அதன் எண்ணைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இரண்டு முனையிலும் தாங்கிய பீமின் நடுவில் தொங்கவிடுவதுதான் பீமுக்கு மிகக் கடினமான நிலை. முனைக்கு நெருங்க நெருங்க வளைவு குறையும். ஊசலாட்டம் பக்கவாட்டு விசையையும் தரும். 90 பாகையிலிருந்து ஆடி வரும் கலைஞர், கயிறு 45 பாகையில் இருக்கும்போது தன் எடையின் 1.5 மடங்கைக் கிடைமட்டமாக இழுக்கிறார். செங்குத்துச் சுமைக்கு மட்டும் பார்த்த பீம் கிளாம்ப் (பீமின் விளிம்பைக் கவ்வும் பிடி) விளிம்பில் நகர்வதும், கால் பரப்பிய தற்காலிகச் சட்டகம் ஒரு பக்கம் தூக்குவதும் இதனால்தான். அப்படிப்பட்ட சட்டகங்களின் தயாரிப்பாளர்கள் ஊசலாட்டத்தைத் தடை செய்திருந்தால் அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் சில்க் துணியை மாட்டத் தோதாகத் தெரிவது கான்கிரீட் கூரையில் பதித்த மின்விசிறிக் கொக்கி. அது சில கிலோ எடையுள்ள விசிறியைத் தாங்க வைத்தது. அதன் கம்பி எவ்வளவு ஆழம் உள்ளே போகிறது, கூரைக் கம்பியோடு கட்டப்பட்டதா, உள்ளே துருப்பிடித்திருக்கிறதா என்பதைக் கீழிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு பெரியவர்கள் பிடித்துத் தொங்கிப் பார்த்து "ஸ்டிராங்தான்" என்பது சோதனை ஆகாது. அசையாமல் தொங்கும் இருவர் தருவதைவிட, விழுந்து நிற்கும் ஒருவர் தருவது அதிகம். விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டுகளைத் தலைக்கு மேலே போடுவதிலும் எச்சரிக்கை வேண்டும்: திரும்பத் திரும்ப வரும் அதிர்ச்சி இழுப்பில் அவை தளரும், கான்கிரீட் விரிசல் கண்ட இடத்தில் பிடி இழக்கும். கட்டடப் பொறியாளர் வரைபடம் பார்த்து எழுத்தில் தரும் எண்ணுக்குத்தான் இங்கே மதிப்பு. அவரிடம் "70 கிலோ ஆள் தொங்குவார்" என்று சொன்னால் 70 கிலோவுக்குத்தான் பார்ப்பார். உச்ச விசையைக் கிலோநியூட்டனில், திசையோடு, எத்தனை முறை திரும்ப வரும் என்பதோடு சொல்ல வேண்டும்.

அளப்பதும் கழிப்பதும்

உச்ச விசை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நிற்கும். கடையில் கிடைக்கும் தொங்கு தராசு நொடிக்குச் சில முறை மட்டும் எண் எடுக்கும். உச்சம் இரண்டு எண்களுக்கு இடையில் நழுவிவிடும், "உச்சத்தைப் பிடி" பொத்தான் இருந்தாலும். நொடிக்குக் குறைந்தது 100 முறை, முடிந்தால் 500க்கு மேல் பதியும் விசைமானி வேண்டும். அதைக் கலைஞருக்கும் முதல் கப்பிக்கும் நடுவே வைத்தால் கலைஞரின் விசை கிடைக்கும். கப்பிக்கு மேலே வைத்தால் கட்டடத்துக்குப் போவது கிடைக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பதிவேட்டில் எழுதியிருப்பது அடிக்கடி காணும் பிழை.

தேய்ந்த பொருளைக் கழித்துப் போடும் விதிகள் பெரும்பாலும் கண்ணும் விரலும் சொல்பவை. கேரபினர் உட்புறத்தில் 1 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட்டால் போதும், அதைக் கழித்துவிட வேண்டும். அலுமினியத்துக்கு எஃகுபோலச் சோர்வு எல்லை கிடையாது. சிறிய சுமையும் கோடி முறை வந்தால் விரிசல் விடலாம் என்பதால், தினமும் ஆடும் நிகழ்ச்சிகளில் நிரந்தர இணைப்புகளுக்கு எஃகே தேர்வு. எஃகு வடத்தில் உடைந்த இழை, முறுக்கு விரிந்து கூடுபோல் வீங்கிய இடம், ஒருமுறை கொக்கிபோல் மடிந்த வடு: இவற்றில் எது இருந்தாலும் அந்த நீளம் வேலைக்கு ஆகாது. நைலான் துணியில் உராய்வுச் சூட்டால் உருகிப் பளபளக்கும் கடினமான தழும்பு, கத்தரிபட்ட ஓரம், வெயிலில் வெளிறிய பகுதி இருந்தாலும் அப்படியே. பாலியஸ்டர் ஸ்லிங்கு மேடை விளக்குக்கு அருகே இருந்தால் அதற்குப் பதிலாக எஃகு உள்ளீடு கொண்ட வகை. ஸ்விவலில் கரகரப்பு வந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஷேக்கிளின் முளை அதிர்வில் சுழன்று வராமல் கம்பி கட்டப்பட்டிருக்கிறதா என்பது ஒவ்வொரு காட்சிக்கும் முன்பு.

பதிவேட்டில் எழுதிய விசை எண்ணுக்கும் ஆயுள் உண்டு. 55 கிலோ கலைஞரை, 9 மீட்டர் துணியில், பழைய மென்மையான சில்க்கில் அளந்த 2.6 கிலோநியூட்டன், அவருக்குப் பதில் 80 கிலோ கலைஞர் ஏறும் நாளில் காலாவதியாகிறது. துணி மாறினாலும், அசைவில் இன்னொரு சுற்று சேர்ந்தாலும், கயிற்றுப் பாதையில் ஒரு கப்பி கூடினாலும் அப்படித்தான். மறுபடி அளந்து, கட்டடப் பொறியாளர் தந்த எண்ணுக்குள் வருகிறதா என்று பார்த்த பிறகே அந்த அங்கம் ஒத்திகைக்குப் போகலாம்.